ஞாயிறு மொட்டை மாடி சாப்பாடு (தண்டையார்பேட்டை பிளாக் குழு)

*வெள்ளி, இரவு 8:42*

ரேவதி 3வது மாடி: ஞாயித்துக்கிழமை மதியம் 15 பேர். பரோட்டா கடையில சொல்லியாச்சு. சிக்கன் 2 கிலோ கிரேவி, பனீர் பட்டர் மசாலா முக்கால் கிலோ, ரெண்டும் நம்ம வீட்லயே. ஹோட்டல் ருசி வரணும். எதைக் கடையில ரெடியா வாங்கலாம், எதை வாங்கவே கூடாது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணேஷ்: ரெடிமேட் கிரேவி பாக்கெட் நாலு வாங்கி சிக்கனைப் போட்டா வேலை முடிஞ்சுது 😄

தனசேகர் மாஸ்டர்: அது வோணாம்பா. அதுல புளிப்பு, சக்கரை, உப்பு மூணும் முன்னாடியே ஏத்தி இருக்கும். கறியில நீ ஊற வெச்ச உப்பு வேற சேரும். அப்பால கொறைக்க முடியாது.

தனசேகர் மாஸ்டர்: 🎤 குரல் பதிவு 1:52

சாந்தி அக்கா: மாஸ்டர், பஸ்ல இருக்கேன், கேக்க முடியல. எழுதிப் போடுங்க.

தனசேகர் மாஸ்டர்: சரி. ஹோட்டல்ல நீ ஆர்டர் சொன்னப்புறம் யாரும் வெங்காயம் வதக்கறது கெடையாது. காலைலயே அண்டா அண்டாவா கிரேவி ரெடி. தக்காளி போட்ட செவப்பு, முந்திரி போட்ட வெள்ளை, செவக்க வதக்கின வெங்காயத்துல பிரவுன். ஆர்டர் வந்தா கரண்டியில மொண்டு, கடாயில வெண்ணெய் போட்டு 5 நிமிஷத்துல எறக்கிடுவான். நீங்களும் சனிக்கிழமை நைட்டே கிரேவி முடிச்சி வெச்சிடுங்க. குறுக்கு வழின்னா அதான் குறுக்கு வழி. பாக்கெட் இல்ல.

ரேவதி 3வது மாடி: ஒரே கிரேவியில ரெண்டும் செய்யலாமா?

சாந்தி அக்கா: முடியாதும்மா. பட்டர் மசாலாவுக்கு வெங்காயம் செவக்கக் கூடாது, நிறம் கருத்துடும். சிக்கனுக்கு செவக்காம விட்டா ருசியே இல்ல.

தனசேகர் மாஸ்டர்: ஆனா ஒரே அடுப்புல ஆரம்பிக்கலாம். வெங்காயம் ஒன்றரை கிலோ, எண்ணெய் 250 மிலி, உப்பு ஒரு டீஸ்பூன். கண்ணாடிப் பதம் வந்ததும் மூணுல ஒரு பங்க அள்ளித் தனியா வெய்யி. அது பனீருக்கு. மீதிய அடுப்புலயே வுட்டு செவக்க வுடு. அது சிக்கனுக்கு.

கணேஷ்: குக்கர்ல வெங்காயம் தக்காளி ஒண்ணா போட்டு 3 விசில் விட்டு அரைச்சா என்ன மாஸ்டர்? 40 நிமிஷம் யாரு கிண்டறது

பர்வீன் அக்கா: தம்பி, குக்கர்ல எவ்வளவு விசில் விட்டாலும் 120 டிகிரி கிட்டதான் போகும், உள்ள தண்ணியும் இருக்கும். வெங்காயம் செவக்க தண்ணி வத்தி அதுக்கும் மேல சூடு ஏறணும். குக்கர்ல அது வேகும், செவக்காது. வெந்த வெங்காய வாடை கடைசி வரைக்கும் போகாது. இன்னொண்ணு, தக்காளியோட புளிப்பு பட்டா வெங்காயம் சீக்கிரம் மசியாது. அதனால எப்பவும் வெங்காயம் முழுசா வதங்கினப்புறம்தான் தக்காளி.

சாந்தி அக்கா: கணேசு, சீக்கிரம் ஆகணும்னா ஆப்பசோடா போடு. கிலோவுக்கு கால் டீஸ்பூன், அதுக்கு மேல போட்டா சோப்பு மாதிரி ஆயிடும். 35-40 நிமிஷம் ஆகறது 20-25ல செவந்துடும். வெங்காயம் குழைஞ்சு போகும், அரைக்கத்தானே போறோம், பரவாயில்ல. வெங்காயத்தைப் பச்சையா மட்டும் அரைச்சுடாதீங்க. பச்சையா அரைச்சா ஒரு கசப்பு இறங்கும், எவ்வளவு வதக்கினாலும் போகாது.

தனசேகர் மாஸ்டர்: சோடா நான் போடமாட்டேன். ஆனா அக்கா சொல்றது மெய்யாலுமே வேலை செய்யும். அடிப்புடிக்க ஆரம்பிச்சா ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சி சட்டியில ஒட்டினத சொரண்டி உள்ளயே சேத்துடு. அந்த ஒட்டினதுதான் ஹோட்டல் வாசன. கருகிட்டா மட்டும் தூக்கிப் போடு, கசக்கும்.

*இரவு 9:10*

ரேவதி 3வது மாடி: தக்காளி எது? நாட்டா, பெங்களூரா?

பர்வீன் அக்கா: பனீருக்கு பெங்களூர் தக்காளி முக்கால் கிலோ, சதை நிறைய, புளிப்பு கம்மி. சிக்கனுக்கு 600 கிராம், அதுல பாதி நாட்டு. நாட்டுத் தக்காளிய மட்டும் போட்டா புளிச்சுப் போய் கிரீம் திரிஞ்சுடும். காயா இருக்கறதை வாங்காதீங்க, எவ்வளவு வதக்கினாலும் பச்சை வாடை அடிக்கும்.

கணேஷ்: தக்காளி பேஸ்ட் டப்பா?

பர்வீன் அக்கா: ஒரு டேபிள்ஸ்பூன் நிறத்துக்குப் போடலாம், தப்பில்ல. சாஸ் வேண்டாம், அதுல வினிகரும் சக்கரையும் இருக்கு.

சாந்தி அக்கா: இஞ்சி பூண்டு விழுதை வீட்ல அரைங்க. பூண்டு 150, இஞ்சி 100, எண்ணெய் ரெண்டு ஸ்பூன், உப்பு அரை ஸ்பூன். தண்ணி வேண்டாம். கடை பேஸ்ட்ல கெடாம இருக்க புளிப்பு சேர்த்திருப்பாங்க, எண்ணெயில போட்டதும் தெறிக்கும், வாசனையும் பாதிதான். வீட்ல அரைச்சது சில சமயம் பச்சை நிறமா மாறும், பயப்படாதீங்க, பூண்டோட குணம் அது, கெட்டுப் போகல.

தனசேகர் மாஸ்டர்: இதுல மாத்துக் கருத்தே இல்ல. 20 நிமிஷ வேலைக்கு சோம்பல் பட்டா மீதி அல்லாம் வீண்.

ரேவதி 3வது மாடி: மிளகாய்த்தூள் பத்தி சொல்லுங்க. போன தடவை நல்லா செவப்பா இருந்துச்சு, ருசி ஒண்ணும் இல்ல.

பர்வீன் அக்கா: கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து மேல ஒரு சிட்டிகை தூவுங்க. கலக்காதீங்க. சாயம் கலந்திருந்தா செவப்புக் கோடு கோடா உடனே கீழ இறங்கும். ஆனா இது தண்ணியில கரையற சாயத்தை மட்டும்தான் காட்டும். சூடான் சாயம் எண்ணெயிலதான் கரையும், டம்ளர்ல தெரியாது. அதனால காஷ்மீரி மிளகாய் முழுசா 100 கிராம் வாங்கி, காம்பு கிள்ளி, ஒரு மணி நேரம் வெயில்ல வெச்சு மிக்ஸியில அரைச்சுடுங்க. கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் போறவங்க யாராவது வாங்கிட்டு வாங்க. நல்லா சிவப்பா, தோல் சுருங்கி, உடைச்சா விதை மஞ்சளா இருக்கணும். கருத்த விதை பழசு.

கணேஷ்: நாளைக்கு பாரிமுனை போறேன், நான் வாங்கறேன். லிஸ்ட் போடுங்க

சாந்தி அக்கா: காஷ்மீரி நிறத்துக்குதான், காரம் கம்மி. சிக்கனுக்கு அது மூணு டேபிள்ஸ்பூன், சாதா மிளகாய்த்தூள் ஒண்ணு, தனியாத்தூள் நாலு, மஞ்சள் ஒரு டீஸ்பூன். தூளை நேரா எண்ணெயில கொட்டாதீங்க, பத்து செகண்ட்ல கருகும். கால் கப் தண்ணியில குழைச்சு ஊத்துங்க.

தனசேகர் மாஸ்டர்: இதான் ரகசியம்னு சொல்லிகினு திரியறது 😀

*இரவு 9:34*

ரேவதி 3வது மாடி: கரம் மசாலா?

பர்வீன் அக்கா: பட்டை, கிராம்பு, ஏலக்காய் முழுசா வாங்கி, லேசா சூடு காட்டி அன்னிக்கே பொடி பண்ணுங்க, ஒரு டீஸ்பூன் போதும். கிராம்பு வாங்கும்போது தண்ணியில போட்டுப் பாருங்க. நல்லது மூழ்கும், இல்லன்னா நெட்டா நிக்கும். படுத்து மிதந்தா எண்ணெய் எடுத்துட்ட கிராம்பு. கல்பாசி ரெண்டு இதழ் போட்டா சிக்கனுக்கு ஹோட்டல் வாசனை வரும். அதிகமானா மண் வாடை.

கணேஷ்: முந்திரி முழுசா, உடைச்சதா?

தனசேகர் மாஸ்டர்: அரைக்கறதுக்கு இன்னாத்துக்கு முழுசு? ஒடைச்சது வாங்கு, விலை கம்மி, ருசி ஒண்ணுதான். பனீருக்கு 75 கிராம், சிக்கனுக்கு 40. சுடுதண்ணியில அரை மணி ஊறட்டும். அதிகமானா ஆறினதும் களி மாதிரி இறுகும், மசாலாவே தெரியாது. சௌகார்பேட்டையில தர்பூசணி விதை கெடைக்கும், பாதிக்குப் பாதி அத போடலாம், ஹோட்டல்ல அப்டித்தான்.

ரேவதி 3வது மாடி: பனீர் பாக்கெட்டா, கடையில தனியா வெட்டித் தர்றதா?

பர்வீன் அக்கா: பாக்கெட். பின்னாடி படிங்க. பாலும் அதைத் திரிக்கற புளிப்பும் இருந்தா சரி. ‘அனலாக்’னோ தாவர எண்ணெய்னோ இருந்தா பனீர் இல்ல. மாவு கலந்திருக்கான்னு பார்க்க, துண்டைத் தண்ணியில கொதிக்க விட்டு ஆறினதும் ரெண்டு சொட்டு டிஞ்சர் அயோடின் விடுங்க, நீலமானா மாவு. செய்யறதுக்கு முன்னாடி உப்பு போட்ட சுடுதண்ணியில 10 நிமிஷம் ஊற விடுங்க. பொரிச்சா ரப்பர்.

சாந்தி அக்கா: கிரீம் கடைப் பாக்கெட்டே போதும், 25 சதவீதக் கொழுப்பு. 150 மிலி. அடுப்பை அணைச்சிட்டு, ரெண்டு கரண்டி கிரேவியை கிரீம்ல கலந்து சூடாக்கிட்டு அப்புறம் உள்ள ஊத்துங்க. குளிர்ந்ததை நேரா கொதிக்கறதுல ஊத்தினா திரியும். கிரீமுக்குப் பதிலா பால் வேண்டாம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்லயே கொழுப்பு 6தான், தக்காளிப் புளிப்புல திரிஞ்சுடும்.

*சனி, மாலை 6:20*

ரேவதி 3வது மாடி: ஆரம்பிச்சாச்சு. வெங்காயம் செவந்துடுச்சு, விழுது, மசாலாத் தண்ணி, தக்காளி வரைக்கும் போட்டாச்சு. அரைச்சேன். ஐயோ நிறம் வெளிறி ஆரஞ்சா ஆயிடுச்சு!! மிளகாய் பத்தலயா?

தனசேகர் மாஸ்டர்: கை வெக்காதம்மா! இன்னும் தூள் போடாத. மிக்ஸியில எண்ணெயும் காத்தும் கலந்துகினு வெளிறினது அது. சட்டியில ஊத்தி மிதமான தீயில 10-12 நிமிஷம் கிண்டு. எண்ணெய் பிரிஞ்சா தானே செவப்பு வரும்.

சாந்தி அக்கா: ஓரத்துல எண்ணெய் மினுங்கணும், கரண்டியால கீறினா கோடு அப்படியே நிக்கணும். எண்ணெய் பிரியலன்னா உள்ள இன்னும் தண்ணி இருக்குன்னு அர்த்தம், பச்சை வாடை போகல. மிச்சத்தை ஆற விட்டு அரைங்க, சூடா அரைச்சா மூடி பறக்கும்.

*மாலை 6:41*

ரேவதி 3வது மாடி: வந்துடுச்சு 🙏 நல்ல செவப்பு. பனீர் கிரேவிய என்ன பண்ணணும்?

தனசேகர் மாஸ்டர்: அந்த வெங்காயம், தக்காளி, முந்திரி, காஷ்மீரி மிளகாய் முழுசு 6, ஒரு டம்ளர் தண்ணி, 20 நிமிஷம் வேக வெச்சி அரைச்சி வடிகட்டு. வடிகட்டறத மட்டும் வுட்டுடாத. ஹோட்டல் கிரேவி வழவழன்னு இர்க்கறது அதனாலதான்.

பர்வீன் அக்கா: ரெண்டையும் அகலமான தட்டுல ஊத்தி ஃபேன்ல ஆற விடுங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ். சூடா மூடி வெச்சா நம்ம ஊரு புழுக்கத்துக்கு காலைல புளிச்சுடும்.

*ஞாயிறு, காலை 10:05*

சாந்தி அக்கா: கறியைக் கழுவி நல்லா வடிய விட்டீங்களா? உப்பு 20 கிராம், மட்டமா மூணரை டீஸ்பூன், தயிர் 200, விழுது மூணு டேபிள்ஸ்பூன். 45 நிமிஷம். அகலக் கடாயில பெரிய தீயில மூணு தவணையா வறுங்க. ஒரேயடியா கொட்டினா தண்ணி விட்டு வெந்துடும், ஓரம் செவக்காது. அப்புறம் கிரேவியில 15 நிமிஷம்.

கணேஷ்: கரிப் புகை வாசனை வேணும்னா?

தனசேகர் மாஸ்டர்: இஸ்திரி வண்டியில ரெண்டு துண்டு மரக்கரி வாங்கிக்கோ. இப்ப பாதி வண்டி கேஸுக்கு மாறிடுச்சு, கோடி வீட்டாண்ட கேளு. தணலாக்கி, சின்னக் கிண்ணத்துல வெச்சி கிரேவி நடுவுல எறக்கு. அரை ஸ்பூன் நெய் ஊத்தி மூடு. 3 நிமிஷம். அஞ்சு தாண்டினா கசப்பு.

ரேவதி 3வது மாடி: பனீர்ல வெண்ணெய் 60, சக்கரை ஒரு டீஸ்பூன் போட்டேன். கசூரி மேத்தி (காஞ்ச வெந்தயக் கீரை) எப்போ?

பர்வீன் அக்கா: அடுப்பை அணைக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்ன. சூடான தவாவுல போட்டு எடுத்து உள்ளங்கையில கசக்கித் தூவுங்க, ஒரு டீஸ்பூன். உப்பை ருசி பார்த்துட்டுப் போடுங்க, வெண்ணெய்ல ஏற்கெனவே உப்பு இருக்கும்.

கணேஷ்: முந்திரி நான் வாங்கினது உப்பு போட்டு வறுத்தது. பரவாயில்லயா 😬

தனசேகர் மாஸ்டர்: டேய். அத நாஸ்டாவுக்கு நீயே துன்னுட்டு, பச்சை முந்திரி இருந்துச்சா இல்லயான்னு ரேவதிகிட்ட கேளு.

ரேவதி 3வது மாடி: நேத்தே என் வீட்ல இருந்ததைப் போட்டுட்டேன் மாஸ்டர். 12:45க்கு எல்லாரும் மாடிக்கு, தட்டு அவங்கவங்க எடுத்துட்டு வாங்க.