ரத்ததான சங்கம்: வேலை மட்டும் எப்போதும் அதே நாலு பேர் தலையில்

வைகைக்கரை:
எங்கள் ஊரில் ரத்ததான சங்கம் நடத்துகிறோம். வாட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், ‘முகாமுக்கு ஆள் வேண்டும்’ என்று போட்டால் கட்டைவிரலும் கும்பிடும் வந்து குவியும், காலையில் போய்ப் பார்த்தால் நாற்காலி தூக்குவதும் நாங்கள்தான், பெயர் எழுதுவதும் நாங்கள்தான். சம்பளம் இல்லாத வேலை, யாரையும் கடிந்துகொள்ளவும் முடியாது. அக்டோபர் 1 தன்னார்வ ரத்ததான தினத்துக்கு முகாம் வைக்கிறோம். நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முன்னாள் செயலாளர்:
தம்பி, குழுவில் போடுவதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டு, ‘எட்டிலிருந்து பத்து வரை பதிவு மேசை உங்களுடையது, பத்து மணிக்கு இன்னார் வந்து மாற்றிவிடுவார்’ என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்தால்தான் குடும்பஸ்தன் வருவான். டாக்டர், நர்ஸ், ஊசி எல்லாம் ரத்த வங்கிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நமக்குப் பதிவு, வரிசை, அப்புறம் ஜூஸ் மேசை. அந்த மேசையை லேசாக நினைக்காதீர்கள், ரத்தம் கொடுத்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடம் பேச்சுக் கொடுத்து உட்காரவைக்க வேண்டும், உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி வழியில் தலைசுற்றினால் வம்பு. நல்ல வாயாடியாகப் பார்த்துப் போடுங்கள், செல்லை நோண்டும் பையன் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
முகாம் ஒருநாள் கூத்து. ஆள் கழன்றுகொள்வது ராத்திரி வரும் அவசர அழைப்புகளில்தான். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம். கடைசியாகக் கொடுத்த தேதி பட்டியலில் இல்லையென்றால் போன மாதம் கொடுத்தவரையே திரும்பக் கூப்பிடுவீர்கள், அவர் குழுவை மியூட்டில் போட்டுவிடுவார். தேதி பார்க்க ஒருவர், வரும் கோரிக்கை உண்மைதானா என்று மருத்துவமனையில் விசாரிக்க ஒருவர், வாராவாரம் ஆளை மாற்றுங்கள். பொறுப்பைக் கொடுத்த பிறகு தலைவர் மூக்கை நுழைக்கக் கூடாது. எங்களிடம் ஒரு தலைவர் இருந்தார், வேலையை ஒப்படைத்துவிட்டு தானும் தனியாக நாலு பேருக்கு போன் போடுவார், அந்தப் பொறுப்பில் யாருமே நிலைக்கவில்லை.

ஓ நெகட்டிவ்:
நான் நிர்வாகி இல்லை, வெறும் உறுப்பினர். அவசரம் என்றார்கள், ஆபீசில் பெர்மிஷன் போட்டுப் போய்க் கொடுத்தேன், அதற்கப்புறம் ஆபரேஷன் நடந்ததா இல்லையா என்று ஒரு வரி சொல்ல ஆளில்லை. ஆண்டு விழாவில் சால்வை மட்டும் கட்சிக்காரருக்கு! இன்னொன்று, முகாமில் என் தோழிக்கு ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே என்று திருப்பி அனுப்பினார்கள். ஆள் இல்லை ஆள் இல்லை என்று புலம்புகிறீர்களே, லீவு போட்டு வந்தவளிடம் ‘பதிவு மேசையைக் கொஞ்சம் பாரும்மா’ என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

வைகைக்கரை:
தேதிப் பட்டியல் எங்களிடம் இல்லவே இல்லை, இன்றைக்கே ஒருவர் தலையில் கட்டுகிறேன். ஜூஸ் மேசைக்கு ஆள் ரெடி, வாயை மூடவே மாட்டார். சால்வை விஷயத்தில் மட்டும் மன்னிக்கவும் ஓ நெகட்டிவ், எங்களுக்கும் பந்தல் கட்சிக்காரர் செலவு.