சந்திரகிரிக் கோட்டை மதிலின் காலத்தைக் கணிக்க வழிகாட்டுங்கள்

குழுவினருக்கு வணக்கம். சித்தூரில் வசிக்கும் நான், விஜயநகரப் பேரரசு தோற்ற 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் முதலில் பெனுகொண்டாவிலும் பிறகு சந்திரகிரியிலும் இருந்து ஆண்ட அரவீடு என்ற விஜயநகர அரச மரபினரின் கோட்டை மதில்களைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத முயன்றுவருகிறேன். சந்திரகிரிக் கோட்டைக்குள் உள்ள ராஜமகால் அரண்மனையைப் பற்றி எழுதியவர்கள் பலர். மதிலை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் குறைவு என்பது என் மனக்குறை.

விஜயநகரத்தின் பழைய தலைநகரான ஹம்பியில் உள்ளதைப் போலவே சந்திரகிரியிலும் பெரிய கருங்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். ஹம்பி மதிலில் முகப்புக் கற்கள் உட்புறம் ஆப்புப் போலக் குறுகிச் சென்று, பின்னுள்ள மண்ணும் உடைகல்லும் கலந்த நிரப்பினுள் பதிந்திருக்கும். ஆனால் சந்திரகிரியில் சில இடங்களில் கல் இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து தென்படுகிறது. அது பிற்காலப் பழுதுபார்ப்பா, அல்லது தொடக்கத்திலேயே இருந்ததா என்பதே என் கேள்வி. கல் விளிம்புகளில் வரிசையாகத் தெரியும் ஆப்புக் குழிகளின் (பாறையைப் பிளக்க ஆப்பு அடிப்பதற்காக வெட்டிய குழிகளின்) வடிவத்தையும் இடைவெளியையும் கொண்டு காலத்தைப் பிரித்தறிய முடியுமா?

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் எதையும் தோண்டவோ சுரண்டவோ போவதில்லை. அளவெடுப்பதும் படமெடுப்பதும் மட்டுமே. வேலூர், செஞ்சிக் கோட்டைகளில் இத்தகைய ஆய்வு செய்தவர்கள், எந்தெந்த அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும் எனத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.