தமிழில் ஒரே 'படுக்கையில்'; ஜெர்மனில் ஏன் இரண்டு?

தென்றல்செவிலி:

அனைவருக்கும் வணக்கம். நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஜெர்மனியில் வேலைக்குச் செல்வதற்காக 6 மாதங்களாக ஜெர்மன் படித்து வருகிறேன். விரைவில் பி1 என்ற இடைநிலை மொழித் தேர்வு எழுத வேண்டும். சென்ற வாரப் பயிற்சியில் 'நோயாளியைப் படுக்கையில் கிடத்துகிறேன்' என்பதை 'இஷ் லேகெ டேன் பட்சியென்டன் இம் பெட்' என்று எழுதினேன். ஆசிரியர் 'இம்' என்பதை அடித்துவிட்டு 'இன்ஸ்' என்று திருத்தினார். அடுத்த வரியில் 'நோயாளி படுக்கையில் படுத்திருக்கிறார்' என்பதற்கும் அதே 'இம் பெட்' என்றுதான் எழுதியிருந்தேன். அதைச் சரி என்று விட்டுவிட்டார்.

அசைவு இருந்தால் அக்குசாட்டிவ் (நம் இரண்டாம் வேற்றுமை போன்றது), இல்லாவிட்டால் டாட்டிவ் (நம் நான்காம் வேற்றுமை போன்றது) என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அப்படியானால் 'பூங்காவில் ஓடுகிறேன்' என்பதற்கு மட்டும் ஏன் 'இம் பார்க்' என்று டாட்டிவ் வருகிறது? ஓடுவதைவிட வேறு என்ன அசைவு வேண்டும்? தமிழ் வழியாகவே இதைப் புரிந்துகொள்ள முடியுமா?

ரைன்கரை:

வணக்கம் சகோதரி. ஆசிரியர் திருத்தியது சரி: 'இன்ஸ்' அக்குசாட்டிவ், 'இம்' டாட்டிவ். அந்த விதிதான் அரைகுறையானது. அன், அவுஃப், ஹின்டர், இன், நேபன், யூபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷன் ஆகிய 9 முன்னிடைச்சொற்களும் (பெயருக்கு முன்னால் நின்று இடம் போன்றவற்றைக் காட்டும் சொற்கள்) இரண்டு வேற்றுமைகளையும் ஏற்கும். அங்கே பார்க்க வேண்டியது அசைவு இருக்கிறதா என்பதை அன்று; அந்தச் செயலால் ஒருவரோ ஒரு பொருளோ புதிய இடத்தைச் சென்று சேர்கிறதா என்பதையே. பூங்காவுக்குள்ளேயே எத்தனை சுற்று ஓடினாலும் நீங்கள் பூங்காவில்தான் இருக்கிறீர்கள், ஆகவே டாட்டிவ். வெளியிலிருந்து ஓடி உள்ளே நுழைந்தால் 'இன் டேன் பார்க்', அதாவது அக்குசாட்டிவ். தமிழிலும் 'பூங்காவில் ஓடினேன்', 'பூங்காவுக்குள் ஓடினேன்' என்று நாம் பிரித்துத்தானே சொல்கிறோம்?

பிறகு ஏன் 'படுக்கையில்' மாறவில்லை என்று கேட்பீர்கள். 'கிடத்து' என்ற வினைக்குள்ளேயே போய்ச் சேர்தல் அடங்கிவிடுகிறது. அதனால் பெயர்ச்சொல்லில் அதை மறுபடியும் காட்டத் தமிழுக்குத் தேவை இல்லை. ஜெர்மன் அதை வினையிலும் காட்டுகிறது, வேற்றுமையிலும் காட்டுகிறது. உங்கள் பாடநூலில் உள்ள வினை இணைகளைத் தமிழோடு அருகருகே வைத்துப் பாருங்கள். கிட என்பதற்கு லீகன், கிடத்து என்பதற்கு லேகன். நில் என்பதற்கு ஷ்டேயன், நிறுத்து என்பதற்கு ஷ்டெல்லன். 'இருக்கை' என்ற சொல்லில் இன்றும் வாழும் பழைய பொருளில் இரு என்பதற்கு ஸிட்சன், இருத்து என்பதற்கு ஸெட்சன். நம் தன்வினைக்கு டாட்டிவ், பிறவினைக்கு அக்குசாட்டிவ் என்று வைத்துக்கொண்டால் இந்த மூன்று இணைகளிலும் நீங்கள் தவற மாட்டீர்கள். நான் இங்கு வந்த முதல் ஆண்டில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் உண்டு.

பழந்தமிழாசிரியர்:

ரைன்கரை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முன்னிடைச்சொல் வேற்றுமையைக் கேட்டு வாங்கும் வழக்கம் தமிழருக்குப் புதிது என்று பலர் எண்ணுகிறார்கள். 'வீட்டைச் சுற்றி' என்கிறோம், 'வீட்டுக்கு முன்னால்' என்கிறோம், 'வீட்டின் மேல்' என்கிறோம். இவற்றை இடம் மாற்றி 'வீட்டை முன்னால்' என்றோ 'வீட்டுக்குச் சுற்றி' என்றோ எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. நம் சொல்லுருபு பெயருக்குப் பின்னால் நிற்கிறது, அவர்களுடையது பெரும்பாலும் முன்னால் நிற்கிறது. வேற்றுமையைக் கேட்டு வாங்குவதில் இரண்டும் ஒன்றே. 'சுற்றி' என்பது வினையெச்சத்திலிருந்து வந்ததால் ஐ உருபை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'பற்றி', 'நோக்கி', 'தாண்டி' எல்லாம் அவ்வாறே.

நான்காம் வேற்றுமையில் நமக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. ஜெர்மானியர் 'மீர் இஸ்ட் கல்ட்' என்று சொல்வது சொல்லுக்குச் சொல் 'எனக்குக் குளிராக இருக்கிறது' என்பதுதான். ஆங்கில வழியாகப் படிப்பவர்களோ 'நான்' என்று தொடங்கித் தடுமாறுகிறார்கள். 'உனக்கு உதவுகிறேன்' என்பதிலும் அவர்கள் டாட்டிவைத்தான் வைக்கிறார்கள். ஆனாலும் இந்த ஒற்றுமையை எல்லா இடத்திலும் நம்பிவிடக் கூடாது. 'உனக்காகக் காத்திருக்கிறேன்' என்பதற்கு அவர்கள் 'உன்மேல்' என்று பொருள்படும் 'அவுஃப் டிஷ்' சேர்க்கிறார்கள். 'நாய்க்குப் பயப்படுகிறேன்' என்பதை 'நாய்க்கு முன்னால் பயம்' என்பதுபோல் 'ஃபோர்' வைத்துச் சொல்கிறார்கள். ஓர் உருபு வேறோர் உருபின் பொருளில் வருவதற்கென்றே தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியல் என்று தனி இயலே வகுத்தார். இத்தகைய தொடர்களை வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். உருபைத் தனியே மொழிபெயர்க்க முயலாதீர்கள்.

வடதுருவம்:

முன்னால், பின்னால் என்ற பேச்சு வந்ததால் ஒரு செய்தி. 1963இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு, வினையை இறுதியில் வைக்கும் மொழிகளில் மிகப் பெரும்பாலானவை பெயருக்குப் பின்னால்தான் உருபை வைக்கின்றன என்று காட்டினார். தமிழும் ஜப்பானியமும் அப்படியே. பாரசீகம் இதற்கு மாறானது: அங்கே வினை இறுதியில் நிற்க, 'வீட்டில்' என்பதிலுள்ள 'இல்' உருபுக்கு இணையான சொல் பெயருக்கு முன்னால் வரும்.

நான் படிக்கும் பின்னிய (பின்லாந்து) மொழியில் 15 வேற்றுமைகள். 'தாலோஸ்ஸா' என்றால் வீட்டில், 'தாலோன்' என்றால் வீட்டுக்குள், 'தாலோஸ்தா' என்றால் வீட்டிலிருந்து. 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பதைக் 'காப்பியிலிருந்து' என்று பொருள்படும் உருபோடு சொல்கிறார்கள். பழந்தமிழாசிரியர் ஐயா சொன்ன மயக்கம் இங்கும் உண்டு.

தென்றல்செவிலி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கிட, கிடத்து என்ற இணையைப் பார்த்த பிறகு பழைய பயிற்சிகளை எடுத்துத் திருத்தினேன். பத்தில் எட்டு சரியாக வந்தன. ஒன்றில் மட்டும் நிற்கிறேன். குளுக்கோஸ் பாட்டிலைத் தாங்கியில் தொங்கவிடுகிறேன், பாட்டில் தாங்கியில் தொங்குகிறது: இரண்டுக்கும் அகராதியில் 'ஹெங்கன்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. இங்கே தன்வினை, பிறவினையை எப்படிப் பிரிப்பது?

ரைன்கரை:

அந்த வினையில் நிகழ்காலத்தில் சொல் பிரிவதில்லை. முழுச் சுமையும் வேற்றுமையின் மேல் விழுகிறது. தொங்கவிடும்போது 'அன் டேன் ஷ்டெண்டர்', தொங்கும்போது 'அம் ஷ்டெண்டர்'. இறந்தகாலத்தில் மீண்டும் பிரிந்துவிடும்: நீங்கள் தொங்கவிட்டால் 'ஹெங்டெ', அது தொங்கியிருந்தால் 'ஹிங்'.