மறு: ஸ்ட்ரீமிங் – தமிழில் என்ன? (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் மேசைக் கணினியிலிருந்து ஐஸ்காஸ்ட் என்ற இணைய வானொலி வழங்கிக்கு (சர்வருக்கு) ஒலி அனுப்பும் சிறு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி இரவோடு சரங்களை, அதாவது திரையில் வரும் சொற்றொடர்களை, பூட்டிவிடுவார்கள். ஸ்ட்ரீமிங் என்ற ஒரு சொல்தான் பாக்கி. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. பெயராகவும் வேண்டும், வினையாகவும் வேண்டும், பொத்தானிலும் அடங்க வேண்டும். இப்போதைக்குத் 'தாரை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

– க

----

தம்பி,

தாரை வேண்டாம், அது வடமொழித் 'தாரா'. சொந்தச் சொல் இருக்கும்போது எதற்குத் தாரை வார்க்க வேண்டும்?

'வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள' என்கிறது தொல்காப்பிய உரியியல். நேராக, நெடுக, அறாமல் போவது. ஸ்ட்ரீமிங்குக்கு வேறு என்ன விளக்கம் வேண்டும்? என் தேர்வு 'ஒலியொழுக்கு'. ஒழுங்கு, ஒழுக்கம் எல்லாம் இந்த வேர்தான். உப்பு வணிகரின் வண்டி வரிசையை 'உமணர் ஒழுகை' என்கிறது சிறுபாணாற்றுப்படை. தரவுப் பொட்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதும் ஒழுகைதானே!

– மு

----

ஐயா,

ஒழுகை அழகு, மறுக்கவில்லை. ஆனால் 'ஒழுக்கு' என்றதும் எனக்குக் கூரைதான் நினைவுக்கு வருகிறது. 'ஒழுக்கை நிறுத்து' என்று ஒரு பொத்தானைப் பார்த்தால் பயனர் வாளியைத் தேடுவார். வார்தல் பக்கமும் போக முடியாது, டெம்ப்ளேட்டுக்கு 'வார்ப்புரு' நிலைத்துவிட்டது.

இருக்கிற 'ஒலிபரப்பு' என்ன பாவம் செய்தது? நான் இணைய வானொலி நடத்துகிறேன், என் நேயர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதுவும் கூடாதென்றால் ஸ்ட்ரீமிங் என்றே விடுங்கள். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்தோடு வரும் சொல்லைத் தள்ளாதே, என்றதும் அதே தொல்காப்பியம்தான்.

– ச

----

> இருக்கிற 'ஒலிபரப்பு' என்ன பாவம் செய்தது?

அக்கா, பிராட்காஸ்டுக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், அதே மெனுவில் இரண்டும் வருகின்றன. தவிர, வானலையில் ஒருமுறை விட்டால் கேட்பவர் பத்துப் பேரோ பத்தாயிரம் பேரோ, செலவு ஒன்றுதான். ஐஸ்காஸ்டில் ஒவ்வொருவருக்கும் தனி நகல் போகிறது. நொடிக்கு 128 கிலோபிட் என்றால் நூறு பேருக்கு 12.8 மெகாபிட். பரப்பு எங்கே இருக்கிறது? நூறு வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரிதான்.

'நேரலை' என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். அது எப்படி?

– க

----

நேரலை பொருந்தாது. பதிவு செய்த பாட்டையும் இப்படித்தான் அனுப்புகிறோம். நேரில் பேசினாலும் அது அந்தக் கணத்தின் ஒலி இல்லை. வகுப்பில் ஒரு கணினியில் ஐஸ்காஸ்ட் நிறுவி, 8000ஆம் துறையை (போர்ட்டை) திறந்து, நானே பேசிக் காட்டினேன். பேசி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து என் குரல் ஒலிபெருக்கியில் வந்தது, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கேட்பவர் இணைந்ததும் ஐஸ்காஸ்ட் தன்னிடமுள்ள பழைய ஒலியில் 65535 பைட்டை மொத்தமாகக் கொட்டிவிடும், இயல்பமைப்பு அது. 128 கிலோபிட்டில் கணக்குப் போட்டால் நான்கு நொடி.

இன்னொரு வம்பும் கிடக்கிறது. ஒலியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நிரலுக்குச் சோர்ஸ் கிளையண்ட் என்று பெயர். கிளையண்ட் நமக்கு 'வாங்கி', சர்வர் 'வழங்கி'. ஆக, வாங்கி வழங்குகிறது, வழங்கி வாங்கிக்கொள்கிறது! பின்வரிசைப் பெண் ஒருத்தி இதைக் கேட்டாள். பாடவேளை முடிந்தது என்று சொல்லித் தப்பித்தேன்.

ஸ்ட்ரீமிங்குக்கு என் வாக்கு 'ஒலியோடை'. வாய்க்கால் வரை வந்துவிட்டீர்கள், ஓடைக்கு ஓரடிதானே.

– ந

----

ஓடையா? தளங்களின் புதுப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ்ஸுக்குச் செய்தியோடை என்று கொடுத்தாயிற்றே. சங்கப் பாட்டில் ஓடை என்றால் யானையின் நெற்றிப்பட்டமும்கூட. 'ஓடையைத் தொடங்கு' என்றால் எந்த யானைக்கு என்று கேட்பேன்.

கடிசொல் இல்லை என்பது காலத்தால் புதிதாய்ப் பிறக்கும் சொல்லுக்கு. பிறமொழிச் சொல்லை அப்படியே கொட்டிக்கொள்ள அது சீட்டு அல்ல. வடசொல்லையே வடவெழுத்து நீக்கித்தான் உள்ளே விட்டார்கள். முதலெழுத்தே ஒற்றாக நிற்கும் ஸ்ட்ரீமிங்கை எந்த வாசல் வழியாக விடுவீர்கள்?

– மு

----

ஐயா, உங்கள் வாசலில் நின்றால் என் நிலையம் நாளைக்கு ஊமையாகிவிடும். யானையைத் தேடிக்கொண்டு யாரும் வானொலி மென்பொருளைத் திறக்க மாட்டார்கள். முழு மனதில்லை, ஆனாலும் ஓடைக்கே கை தூக்குகிறேன்.

– ச

----

அனைவருக்கும் நன்றி. ஓடைக்கு மூன்று, ஒழுக்குக்கு ஒன்று. 'ஒலியோடை' என்று போட்டுப் பதிவேற்றிவிட்டேன். மு ஐயாவின் மறுப்பைக் கோப்பிலேயே குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். சோர்ஸ் கிளையண்டை 'ஒலிமூலம்' என்று மழுப்பியிருக்கிறேன், அடுத்த பதிப்பில் சண்டை போடலாம்.

இப்போது புதுச் சிக்கல். பொத்தானின் அகலம் போதவில்லை. திரையில் 'ஒலியோடையைத் தொட…' என்று நிற்கிறது. யாராவது சுருக்கித் தர முடியுமா?

– க

----

ஒழுக்கு. நான்கே எழுத்து, தம்பி. பெயரும் அதுவே, ஏவலும் அதுவே.

– மு