ஃபார்முலாவோடு போன கெமிஸ்ட்: கேஸ் போட்டா ஃபார்முலாவே வெளியே வந்துடாதா?

மாதவரம் யூனிட்:
ரப்பர் காம்பவுண்ட் செய்யறோம். எங்க கெமிஸ்ட் வேலையை விட்டு, திருவொற்றியூர்ல இதே லைன்ல இருக்கற கம்பெனிக்குப் போயிட்டார். போறதுக்கு முந்தின வாரம் பேட்ச் ஷீட் (எந்தப் பொருள் எவ்வளவு போடணும்னு எழுதின தாள்) எல்லாத்தையும் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருக்கார். ரெண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில சேரக்கூடாதுன்னும், ரகசியம் காக்கணும்னும் கையெழுத்து வாங்கியிருக்கோம். பிராதுல, அதாவது கோர்ட்டுல போடற வழக்கு மனுவுல, ஃபார்முலாவை எழுதினா எதிர்த்தரப்பு படிச்சிடுமே?

பாரிமுனை வக்கீல்:
'சேரக்கூடாது'ங்கறதை விட்டுடுங்க சார். 1872 ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு அது செல்லாது. ரகசியம் காக்கற ஷரத்தைப் பிடிங்க. அவர் பிழைப்பைத் தடுக்காம, அந்த ஷீட்டைப் பயன்படுத்தறதை மட்டும் தடுக்கச் சொல்லிக் கேளுங்க.

பிராதுல எது ரகசியம்னு அடையாளம் காட்டுங்க, அளவைச் சொல்லாதீங்க. 'இன்ன தேதி, இன்ன நம்பர் பேட்ச் ஷீட்'னு எழுதினாப் போதும். ஷீட்டை சீல் வெச்ச உறையில் கொடுத்து, ரெண்டு தரப்பு வக்கீலும் நிபுணரும் மட்டும் பார்க்க உத்தரவு கேட்டுத் தனி மனு போடுங்க. 'எங்க தொழில்நுட்பம்'னு பொத்தாம்பொதுவா எழுதற மனுவுக்குத் தடையாணை கிடைக்கறது கஷ்டம். கந்தகத்தைக் கடைசியில் போடணும்ங்கறது ரப்பர் மில்லுல எல்லாருக்கும் தெரிஞ்சது, அது ரகசியமே இல்லை. 100 பங்கு ரப்பருக்கு உங்க கந்தகமும் ஆக்சிலரேட்டரும் (ரப்பர் சீக்கிரம் வேக உதவற ரசாயனம்) எத்தனை பங்குங்கறதுதான் ரகசியம்.

பாரிமுனை வக்கீல் (லேப்டாப் ஆதாரம் பத்தி):
அவர் உங்ககிட்ட விட்டுட்டுப் போன ஆபீஸ் லேப்டாப்பை ஆன் பண்ணவே பண்ணாதீங்க! பெரும்பாலும் கேஸ் கெடறது இங்கதான். ஐடி பையன் ஃபைலைத் திறந்து பார்த்தா தேதி மாறிடும், 'நீங்களே உள்ளே வெச்சீங்க'ம்பாங்க. பைக்குள்ள போட்டு சீல் வெச்சு, யார் எப்ப கையில வாங்கினாங்கன்னு எழுதி வைங்க. தடயவியல் ஆள் டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து ஹாஷ் மதிப்பு (உள்ளே கொஞ்சம் மாறினாலும் மாறிடற அடையாளக் குறியீடு) குறிக்கணும். 2023 சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழ்ல அந்த ஹாஷ் கேட்கறாங்க. உங்க தரப்பு ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி கையெழுத்துப் போடணும். மெயில் லாக் தானா அழியறதுக்குள்ள இன்னைக்கே இறக்கிடுங்க.

பாரிமுனை வக்கீல்:
இன்னொண்ணு. முதல்ல வக்கீல் நோட்டீஸ் அனுப்பினா அன்னைக்கு ராத்திரியே அவங்ககிட்ட இருக்கற ஃபைலை அழிச்சிடுவாங்க. எதிர்த்தரப்பைக் கேட்காம இடைக்காலத் தடையும், அவங்க கம்ப்யூட்டரைப் பிரதி எடுக்க அட்வகேட் கமிஷனரும் (கோர்ட் நியமிக்கற வக்கீல்) கேளுங்க. தடை கிடைச்சதும் மனு, பிராது நகலை எதிராளிக்கு அனுப்பிட்டு, அனுப்பினதா அன்னைக்கோ மறுநாளோ பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணணும். சிவில் நடைமுறைச் சட்டம் (CPC) ஆர்டர் 39 ரூல் 3. அதைத் தவறவிட்டா அந்த ஒரு காரணத்தை வெச்சே தடையை உடைக்கப் பார்ப்பாங்க.

மாதவரம் யூனிட்:
லேப்டாப் இன்னும் ஆன் பண்ணலை சார். இப்பவே சீல் வெச்சிடறேன்.