நான்-லீக் திடல்களில் வெளியூர் ரசிகர்களைத் தனியே பிரித்து நிறுத்த வேண்டுமா?

கரையோரன் எழுதியது:

இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் நான்கு பிரிவுகளுக்குக் கீழே ஆடும் நான்-லீக் கிளப்புகளும், பெரிய கிளப்புகளைப் போல, வெளியூர் ரசிகர்களைத் தனி வாசல் வழியே அனுப்பித் தனிப் பகுதியில் நிறுத்த வேண்டும் என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் வாதிட்டிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறாம் பிரிவிலும் அதற்குக் கீழும் பெரும்பாலான ஆட்டங்களில் எல்லோருக்கும் வாசல் ஒன்றுதான், தேநீர்க் கடையும் ஒன்றுதான். பூவா தலையா போட்டு எந்த அணி எந்தப் பக்கம் தாக்கும் என்று முடிவானதும், இரு ஊர்க்காரர்களும் தத்தம் அணி கோல் போட வேண்டிய கம்பத்துக்குப் பின்னால் போய் நிற்பார்கள். இடைவேளை விசில் ஊதியவுடன் கம்பித் தடுப்பில் கட்டிய கொடிகளை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு எதிர்முனைக்கு நடப்பார்கள். வழியில் இரு கூட்டமும் உரசிக்கொண்டு கடக்கும்போது நாலு கிண்டல் பறக்கும், அவ்வளவுதான். இதற்காகவே வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவன் நான். தடுப்பு போட்டுவிட்டால் வீட்டிலிருந்தே ஸ்கோர் பார்த்துக்கொள்ளலாம்.

நிலா எழுதியது:

கரையோரன் சொல்வது நல்ல நாளின் கதை. 2019 அக்டோபரில் வடக்கு லண்டனின் ஹாரிங்கே பரோ கிளப், பல பிரிவுக் கிளப்புகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் நான்காம் தகுதிச்சுற்றில் யோவில் டவுனைச் சந்தித்தது. ஹாரிங்கே ஏழாம் பிரிவில் இருந்தது. யோவில் அப்போதுதான் நான்-லீக்குக்குத் தள்ளப்பட்டு, பழைய ஆதரவுக் கூட்டத்தோடு வந்திருந்தது. இரண்டாம் பாதியில் ஹாரிங்கே வீரர்கள் மீது இனவெறி வசவுகள் விழுந்தன. கோல்காப்பாளர் மீது துப்பினார்கள். மேலாளர் தம் அணியை வெளியே அழைத்துக்கொண்டு போக, ஆட்டம் கைவிடப்பட்டது. மீண்டும் நடத்தியபோது யோவில் 3-0 என வென்றது. நம் நிறத்தில் இருப்பவர்கள், அதுவும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாத ஊருக்குப் போகிறவர்கள், "கிண்டல் பறக்கும், அவ்வளவுதான்" என்று நம்பி எங்கே வேண்டுமானாலும் நிற்க முடியுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

சகோதரி காட்டும் சம்பவம் கொடுமையானது. ஆனால் அது அவருடைய வாதத்துக்கு எந்த அளவுக்கு உதவும் என்று தெரியவில்லை. வசவும் எச்சிலும் போய் விழுந்தது ஆட்டக்காரர்கள் மீது. ரசிகருக்கும் ரசிகருக்கும் இடையே போடும் தடுப்பு கோல்காப்பாளரைக் காப்பாற்றாது. அவர் முதுகுக்குப் பின்னால் எந்தக் கூட்டம் நின்றாலும் கம்பித் தடுப்பு சில அடி தூரத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று பணம். லீக் ஆட்டத்தின் வாசல் வசூல் உள்ளூர் கிளப்புக்கே சேரும். வெளியூர்க்காரர் கிளப் கட்டடத்தின் பாரில் செலவழிப்பதும் அப்படியே. அந்தக் கட்டடம் பெரும்பாலும் உள்ளூர்ப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், பிரித்து நிறுத்திய நாளில் வந்தவர்களுக்கு அதன் கதவு அடைபடும். கூடுதல் காவலர்களுக்கு வேறு கூலி கொடுக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆட்ட நேரத்தில் திடல் கண்ணில் படும் இடத்தில் மது அருந்த மேல் ஐந்து பிரிவுகளில் தடை உண்டு. கீழ்ப் பிரிவுகளின் லீக் ஆட்டங்களில் இல்லை. கையில் கோப்பையோடு கோட்டோரம் நிற்கலாம் என்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு, அந்த வருமானத்தை நம்பிச் சம்பளம் போடும் கிளப்புகளும் உண்டு. (தேநீர் மட்டுமே குடிக்கும் எனக்கு அதில் சொந்த லாபம் எதுவும் இல்லை.)

நிலா எழுதியது:

கோல்காப்பாளரைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பாரின் வருமானத்துக்காக என் மகன் குடித்தவர்களுக்கு நடுவே நிற்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். ஐந்தாம் பிரிவைப் பாருங்கள். பெரும் ரசிகர் கூட்டமுள்ள கிளப்புகளான லூட்டன் டவுன் 2009 முதல் 2014 வரையிலும், ரெக்ஸம் 2008 முதல் 2023 வரையிலும் அங்கேதான் ஆடின. அப்படிப்பட்ட கிளப்பின் ரசிகர்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும்போது, சிறு கிளப்பின் தன்னார்வலர்கள் நாலு பேர் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு என்ன செய்துவிட முடியும்?

கரையோரன் எழுதியது:

அத்தகைய ஆட்டங்களுக்கு இப்போதே பல இடங்களில் பிரிக்கிறார்கள்; அதை நான் எதிர்க்கவில்லை. காவல்துறையோடு பேசி, எத்தனை பேர் வருவார்கள் என்று கணித்து, ஆட்டத்துக்கு ஆட்டம் முடிவு செய்யட்டும். எல்லாத் திடலுக்கும் ஒரே விதி என்பதைத்தான் எதிர்க்கிறேன். முந்நூறு பேர் பார்க்கிற ஆட்டத்துக்கு, நாற்பது வெளியூர்க்காரர்களைக் கூரையில்லாத ஒரு மூலையில், மழையில், இரண்டு மணிநேரம் நிறுத்திவைப்பதால் உங்கள் மகனுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்துவிடும்?

நிலா எழுதியது:

அப்படியானால் பிரிக்கப்போகிறார்களா இல்லையா என்பதை ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பாவது கிளப்பின் இணையதளத்தில் போடச் சொல்லுங்கள். சென்ற முறை நான் போன இடத்தில், வாசலில் டிக்கெட் கிழித்தவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.