தானே புயலை மேலிருந்து பார்த்தேன்: இணையத்தில் நீங்கள் கண்டெடுத்ததையும் எழுதுங்கள்

நெல்லிக்குப்பத்திலிருந்து:

2011 டிசம்பரில் வந்த தானே புயலின்போது எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் பல நாள் வரவில்லை. டிவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை. ஊர் உலகமெல்லாம் அந்தப் புயலின் படத்தைப் பார்த்தது. அதன் அடியில் கிடந்த நாங்கள் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் பார்த்தேன்.

நாசாவின் 'வேர்ல்ட்வியூ' தளத்தில் இருக்கிறது. இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். டெரா செயற்கைக்கோள் 2000ஆம் ஆண்டிலிருந்து நாள்தோறும் எடுத்த படங்கள் அதில் அப்படியே கிடக்கின்றன. புயல் வந்த வருஷம் டெரா காலை பத்தரை வாக்கில் நம் பக்கம் கடந்துகொண்டிருந்தது. பின்னால் ஏவிய இன்னொரு செயற்கைக்கோளான அக்வா மதியம் ஒன்றரை வாக்கில். கீழே தேதியை மாற்றினால் போதும். 2011 டிசம்பர் 29 என்று போட்டேன். நம் கரைக்கு எதிரே வங்கக் கடலில் வெள்ளையாக ஒரு பெரிய சுருள். மறுநாள் காலை அதுதான் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஏறி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது.

தோப்பைப் பறிகொடுத்த சித்தப்பாவிடம் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டே, "நம்ம தோப்பு எங்கடா இதுல?" என்று தேடினார். அது தெரியாது. இந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பதே 250 மீட்டர், அதுவும் மேலே மேகம். தோப்பு வேண்டுமென்றால் கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய ஆண்டுப் படங்களுக்குப் போக வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காற்று கோடு கோடாக ஓடும் 'நல்ஸ்கூல்' தளத்துப் படத்தையும் புயல் சமயத்தில் நிறையப் பேர் அனுப்புவார்கள். 2013இல் கேமரன் பெக்காரியோ உருவாக்கியது. பார்க்க அத்தனை அழகு. ஆனால் அது அமெரிக்க வானிலைக் கணிப்பை வரைந்து காட்டுவது, போட்டோ இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து:

எனக்குக் கிடைத்தது 'ரேடியோ கார்டன்'. 2016இல் நெதர்லாந்தில் தொடங்கினார்கள். பூமி உருண்டையைச் சுற்றினால் ஊருக்கு ஊர் பச்சைப் புள்ளி; தொட்டால் அந்த ஊர் வானொலி நேரலையில் கேட்கும்.

எங்கள் பெரியப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக இருந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவில் கொஞ்ச காலம் இருந்தவர். அந்தத் தீவின் புள்ளியைத் தொட்டு அவர் கையில் கொடுத்தேன். ஒரு பெண் பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது பாரீஸ் பேச்சு இல்ல, தீவுப் பேச்சு" என்றார். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் அங்கே இன்றும் தீ மிதிக்கிறார்கள். அதை நேரில் பார்த்த கதையை அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்களிடம் சொன்னார். தீவு நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். நம் எட்டரைக்கு அங்கே காலை ஏழு. அந்நேரம் போனை அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிய நேரம். "பீச் ரோடு, இப்போது" என்று குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அலை சுவரைத் தாண்டிச் சாலையில் விழுகிறது. புதுச்சேரி உப்பளம் பகுதியில் தனியாக இருக்கும் அத்தை பயந்துபோய் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்.

திரும்ப ஓட்டிப் பார்த்தால், கார்கள் சாலையின் வலப்பக்கம் போகின்றன! நம் நாட்டில் ஏது அப்படி? ஒரு கடைப் பலகை தெரிந்த இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டேன். வேறு நாட்டில் எப்போதோ எடுத்தது என்று உடனே வந்தது. அத்தைக்குப் போன் செய்து, "வெளியே இறங்காதீங்க அத்தை" என்று கெஞ்சி நிறுத்தினேன். நிஜமான ஆபத்து மழைத் தண்ணீர்தான். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்க வேண்டியதாயிற்று. அந்த இருட்டில் அவர் தெருவில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. இப்படிப் பொய் வீடியோவைக் கிளப்பிவிடுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம்.

நீங்களும் செய்து பாருங்கள். வானமும் அலையும் மட்டும் தெரியும் இடத்தில் நிறுத்தினால் எதுவும் கிடைக்காது; பலகை, கட்டடம், வண்டி நம்பர் என்று ஏதாவது தெரிய வேண்டும். அத்தை இப்போதெல்லாம் எந்த வீடியோ வந்தாலும் எனக்கு அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த குழுவில் போடுகிறார்.